டைகரைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர்

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுக்குப் போகும்போது தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போனது. இப்போது அதற்கு இடுப்பு விழுந்துவிட்டது. டாக்டர் ஒரு பெண், காரில் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அங்கிருந்தபடியே பிள்ளை போனில் எல்லாவற்றையும் பார்க்கிறான். தஞ்சாவூருக்கே இது புதுசு என்று அவனுடைய அம்மா லிஃப்டில் என்னிடம் பெருமையடித்துக்கொண்டாள். "நான் பாவாடை கட்டின காலத்துலேயே எங்க வீட்டு நாய்க்கு டாக்டர் வீடு தேடி வந்தார்" என்றேன். அவள் நம்பவில்லை, சிரித்தாள். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நடந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிற பழக்கம்தான் உண்டு.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. டைகர் சித்தப்பா வளர்த்த நாய். பெயருக்குத்தான் டைகர், செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். கல்யாணமான மறு வருஷமே சித்தப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே வெட்டாறு வரைக்கும் ஓடிவிட்டு டைகர் திரும்பி வந்தது. முதலில் மாதம் தவறாமல் கடிதாசி வந்தது. அப்புறம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் அதுவும் நின்றது. எனக்கு விவரம் தெரிந்தபோது சித்தப்பா ஒரு படமாகத்தான் இருந்தார். டைகரும் கிழடாகிவிட்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் தள்ளாடும், கண்ணில் பால் படர்ந்திருக்கும். சித்திதான் அதற்குச் சோறு பிசைந்து வைப்பாள்.

சித்தி பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் எதிரில் தம்பி பெண்டாட்டி வந்து நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்வாள். பெரியப்பாவும் அம்மாவிடம் சொல்வதுபோலப் பதில் சொல்வார். அம்மாவுக்கு வாய் திறக்கிற வேலையே இருக்காது.

அந்தத் தை மாதம் எங்கள் உழவு மாட்டின் கழுத்துப் புண்ணைப் பார்க்க மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். பார்த்துவிட்டுக் கை கழுவும்போது கதவுக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"அக்கா, அப்படியே டைகரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க."

"நாய்க்கு டாக்டரா? ஊரு வாயால சிரிக்காது" என்றார் பெரியப்பா.

"அவங்க கப்பலை விட்டு இறங்கி வந்து டைகர் எங்கேன்னு கேட்டா, மாமா பதில் சொல்லிடுவாங்களான்னு கேளுங்க அக்கா."

பெரியப்பா ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். டாக்டர் டைகரிடம் போய்க் குந்தினார்.

அவர் செய்தது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், விலாவை அழுத்தினார், வயது கேட்டார். சந்தையில் மாடு பிடிக்கிறவன் செய்கிற வேலையெல்லாம் இது. கடைசியில் கதவைப் பார்த்துச் சொன்னார்: "இது குணமாகிற நோவு இல்லம்மா. வலி தெரியாம வச்சுக்கலாம். ரொம்ப முடியாமப் போச்சுன்னா, வதைக்காம அனுப்பிவிட ஊசி இருக்கு."

"அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லுங்க அக்கா" என்றது கதவு.

அன்றிலிருந்து அந்த ஆள்மேல் எனக்கு ஒரு கண். சாலையில் திரிகிற நாய்களுக்கு மாட்டாஸ்பத்திரியில்தான் விஷ உருண்டை பிடிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சிருந்தது. அவர் கொடுத்த மாத்திரை ஒன்றை நகத்தால் சுரண்டி எறும்புப் புற்றில் வைத்துப் பார்த்தேன். எறும்புகள் செத்துப்போகவில்லை. எறும்புக்கு வேறு விஷம், நாய்க்கு வேறு விஷமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். சித்தியோ மாத்திரையை வாழைப்பழத்தில் புதைத்துக் கொடுத்தாள். சட்டியில் மணலை வறுத்துத் துணியில் கட்டி டைகரின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். கோணிச் சாக்கை மடித்து மெத்தை போட்டாள். டைகர் கொஞ்சம் தெம்பாக எழுந்து நடந்ததைப் பார்த்தும் என் சந்தேகம் தீரவில்லை. தேறிவிட்ட நாய்க்கு வெள்ளிக்கிழமை தவறாமல் டாக்டர் எதற்கு?

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. எதிர்வீட்டு அத்தாச்சி ஒருநாள் எங்கள் வாசலில் நின்றபடி, "உங்க வீட்டு நாய்க்கு வாராவாரம் அப்படி என்னடியம்மா நோவு? தலை தீபாவளி மாப்பிள்ளை மாதிரி மணியடிச்சுக்கிட்டு வர்றாரே டாக்டரு! நாயைப் பார்க்க வர்றாரா, நாய்க்குச் சோறு போடுறவளைப் பார்க்க வர்றாரா?" என்று கேட்டாள்.

"உங்க ஆடு எங்க உளுந்து வயல்ல மேயுது. மொதல்ல அதைப் பாருங்க அத்தாச்சி" என்றாள் அம்மா.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் டைகரைச் சீக்கிரமாகப் பார்த்து முடித்துவிட்டுப் பெரியப்பாவைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனார். காப்பி கொடுக்கச் சித்தி என்னை அனுப்பினாள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "வச்சுட்டுப் போ" என்றார் பெரியப்பா. வைத்துவிட்டுப் போகிறவள்போல் போய், வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. பெரியப்பாவோடு போய் நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வைக்கோல் போர் ஓரத்தில் நான் பார்த்ததும் அதுதான். பெரியப்பாவின் துண்டு தோளிலிருந்து சரிந்து கைமேல் கிடந்தது. அதற்குள் டாக்டர் அவர் கையைப் பிடித்திருந்தார். பிடித்த கையை விடவே இல்லை.

நேரே அடுப்படிக்கு ஓடினேன். சித்தி ஒத்தடத்துக்கு மணல் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, டைகரை விக்கப் போறாங்க."

"நடக்க முடியாத நாயை எந்தப் புண்ணியவான் வாங்குறான்?"

"டாக்டர்தான். துண்டுக்குள்ள கையைப் பிடிச்சு வெலை பேசினாங்க. நான் பார்த்தேன்."

சித்தி சிரித்துவிட்டாள். "பெரியப்பா என்ன வெலை சொன்னாராம்?"

"பெரியப்பா பேசவே இல்ல. டாக்டர்தான் பேசினாரு. பெரியப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு."

மணலைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன பேசினாருன்னு காதுல விழுந்துச்சா?"

"அவரு மச்சான் பினாங்குலேர்ந்து வந்திருக்காராம். அதுக்கு மேல கேக்கல."

சித்தி மறுபடி மணலைக் கிளறவில்லை. அடுப்பைத் தணிக்கவும் இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். டைகரைக் காப்பாற்ற அவள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

அந்த வாரம் டைகர் படுத்துவிட்டது. புரட்டிப் போட்டால் முனகியது. வாழைப்பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சைக்கிள் மணி கேட்டதும் நான் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாங்கிப்போக வந்தவர் முதலில் என்னைத் தூக்கட்டும்.

அப்போது சித்தி கதவைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா கையில் வைத்திருந்த சொம்போடு அப்படியே நின்றாள்.

"டாக்டர், உங்க மச்சான் அங்க அவங்களைப் பார்த்தாராமா?"

டாக்டர் பெரியப்பாவைப் பார்த்தார்.

"உள்ள போம்மா. நேரம் பார்த்து நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் பெரியப்பா.

"போறேன் மாமா. கேட்டுட்டுப் போறேன்."

அவள் அவரை மாமா என்று நேரில் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பார்த்தாராம்மா. சௌக்கியமாத்தான் இருக்காராம்."

"குடும்பம் இருக்கா?"

"இருக்கு."

"குழந்தை?"

"ஒரு பொண்ணு."

சித்தி தலையை ஆட்டினாள். "இதுக்குத்தான் நாய் வைத்தியம்னு வந்துக்கிட்டு இருந்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. நாய்க்காகத்தான் வந்தேன். மச்சான் வந்து சொன்னப்புறம்தான் எனக்கே இது தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பா சௌக்கியம் என்கிறார்கள். நல்ல சேதிதானே? இதற்கு ஏன் பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? எப்படியோ டைகரை விற்கிற பேச்சு நின்றுவிட்டது என்று மூச்சு விட்டேன்.

சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, டைகரின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடிந்த காதை நிமிர்த்திவிட்டாள், அது மறுபடியும் மடிந்தது.

"டாக்டர், அந்த ஊசி கையில இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு. பாவம், இதை நான்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன். போட்டுவிடுங்க. போகட்டும்."

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அத்தாச்சி ஓடிவந்தாள். அப்பா என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபோது டாக்டர் குனிந்திருந்தார். சித்தி டைகரின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. பெரியப்பாவே மண்வெட்டி எடுத்துக் கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். ஆள் கூப்பிடவில்லை.

என் சந்தேகம் எல்லாம் டாக்டர்மேல் இருந்தது. கடைசியில் ஊசி போடச் சொன்னது சித்தி. அவளைக் கண்காணிக்க எனக்குத் தோன்றவே இல்லையே என்று சாயங்காலம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைத்ததும் சித்தி கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு இலை போட்டு உட்கார்ந்தாள். அம்மா சோறு போட்டாள். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க அக்கா" என்றாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். பரிமாறின அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சித்தி கண்ணில் ஒரு பொட்டுகூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "டைகர் செத்த அன்னைக்கு உனக்கு எப்படி சித்தி பசிக்குது?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதுவரை என்னைத் தொட்டு அடித்தறியாதவள்.

"விடுங்க அக்கா. கேக்கட்டும்" என்றாள் சித்தி. "ரொம்ப நாளாப் பசிச்சிருக்கு போல. இன்னைக்குத்தான் தெரியுது."

இது என்ன பதில்? மூன்று வேளையும் எங்களோடுதானே சாப்பிட்டாள்? நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பிறகு, மோருக்குச் சோறு போடச் சொல்லி அவள் கேட்டாள்.