கோபுர நிழலும் ஏழு பேனலும்

கோபுரத்தின் நிழல் தினமும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விழுகிறது என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளன் நான். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் முடிவெடுக்க முடியாமல் தயங்கினால், "கோபுர நிழல் விழற வீட்லேர்ந்து வரேன்மா, என் கையால எடுத்துக் குடுத்தா அமோகமா இருப்பீங்க" என்பேன். பலபேர் அதற்காகவே வாங்கியிருக்கிறார்கள்.

என் அப்பா எனக்கும் மேலே. மாகறலில் எனக்குப் பெண் கேட்கப் போனபோது, பையனின் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லாததால் நிழலைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். பெண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்தான் போன மார்கழியில் சோலார் பேச்சை எடுத்தாள். முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் வைத்து ரவிக்கைக் கைகளுக்குப் பூ வேலை செய்து கொடுக்கிறாள். தை பிறந்தால் கல்யாண ஆர்டர் குவியும், இரண்டு மிஷின் போதாது. மூன்றாவது மிஷினுக்குப் பேசி வைத்திருந்தாள். மிஷின்காரர் சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

"கரண்ட் பில் இப்பவே வாயப் பொளக்குது. மாடியில சோலார் போட்டா மூணாவதை எடுக்கறேன். சரிப்படாதுன்னா வேணாம்னு சொல்லிடறேன். ரெண்டுல ஒண்ணு சனிக்கிழமைக்குள்ள தெரியணும்" என்றாள்.

"இவ்ளோ தானா? என்கிட்ட விட்டுடு" என்றேன். துள்ளிக் குதித்து மாடி ஏறினேன். எங்கே வைக்கலாம், எத்தனை வைக்கலாம் என்று காலால் அளந்துகொண்டே நடந்தேன். மணி நாலரை. நிழல் வந்து என் செருப்பைத் தொட்டது. மார்கழிக் குளிரில் எனக்கு வேர்த்துவிட்டது. வெயிலில் ஓடுகிற சாமானைக் கோபுர நிழலில் எப்படி வைப்பது? இத்தனை வருடம் விளம்பரம் செய்த நிழல், என் பெண்டாட்டியின் மிஷினை விழுங்க வருகிறதே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்த சோலார்காரர் சென்னையிலிருந்து. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். மாடிக்கு ஏறவே இல்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "நோ ப்ராப்ளம் சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சாயம் போகுமா என்று வாடிக்கையாளர் கேட்டால் நான் சிரிக்கிற சிரிப்பு அது. உள்ளே மணி அடித்தது. இருந்தாலும் மாதிரி காட்டச் சொன்னேன். கையகலப் பேனல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சரிகையை உரைகல்லில் உரசிப் பழகிய கை சும்மா இருக்குமா? பையிலிருந்த ரூபாய் நாணயத்தால் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

"சார், அது கண்ணாடி சார்" என்று பிடுங்கிக்கொண்டார்.

"விட்டா ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாப்பாரு" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. உண்மையில், அசல் பட்டா என்று சோதிக்கிற பழக்கத்தில் அதைத்தான் அடுத்து யோசித்திருந்தேன்.

இரண்டாவது ஆள் ஐயம்பேட்டை. கடையில் கூட வேலை பார்ப்பவரின் மச்சான். நெற்றி நிறைய விபூதி. கோபுர நிழல் என்று நான் சொன்னதும் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கோபுர நிழலை மிதிக்கவே கூடாதும்பாங்க. அதுல கறுப்புக் கண்ணாடிய கொண்டாந்து வெக்கறதா? வேணாம்பா. எனக்கும் புள்ள குட்டி இருக்குது."

அவர் போய்விட்டார். எனக்குப் புதுப் பயம் தொற்றிக்கொண்டது. மிதிக்கவே கூடாதா? நான் இருபது வருடமாக அந்த நிழலில் நடந்திருக்கிறேன், பாய் போட்டுப் படுத்திருக்கிறேன், அதன்மேல் கொடி கட்டி ஜட்டி காயப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மாடிக்குப் போனபோது சுவரோரமாக, ஒற்றைக் கால் அகலத்தில் நடந்தேன்.

"இன்னாங்க, திருடனாட்டம் போறீங்க?" என்றாள் மனைவி.

"நிழல் விழற நேரம்" என்றேன்.

"இன்னிக்குப் புதன்கிழமை. அது ஞாபகம் இருக்குதா?"

மூன்றாவதாக ஒரு பெண்மணியைப் பிடித்தேன். முசரவாக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவர், சொந்தமாக ஆட்கள் வைத்து வேலை செய்கிறார். போனில் எத்தனை கிலோவாட் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது, "நிழல் எத்தனை மணிக்கு வருது சார்?"

"நாலரை."

"காலையில?"

யோசித்தேன். காலையில் நான் கடைக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை தூங்குவேன். "காலையிலயும் வரும்" என்று அடித்துவிட்டேன். கோபுரமாயிற்றே, ஒரு வேளை மட்டும் வந்துவிட்டுப் போகுமா என்ன.

"நானே வந்து பாக்கறேன். ஒரு நாள் பூரா உங்க மாடியில இருக்கணும், பரவாயில்லயா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பையில் ஒரு திசைகாட்டி, அளவு டேப், பெட்டி நிறையச் சாக்பீஸ். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். கல்யாண சீசனில் லீவா என்று முதலாளி கேட்டதற்கு, வீட்டில் விசேஷம் என்றேன். ஒவ்வொரு மணிக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல், கைப்பிடிச் சுவரின் நிழல், பக்கத்து வீட்டு ஆன்டெனாவின் நிழல் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். மாடியே பாண்டி ஆடக் கட்டம் போட்டது மாதிரி ஆகிவிட்டது. நான் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. உங்க நிழலையும் சேத்து வரைஞ்சிடுவேன்."

பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. கோபுர நிழல் வரவில்லை. அவர் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வந்த விருந்தாளிக்கு முன்னால் பிள்ளை பாட மறுப்பது போல அவமானமாக இருந்தது. "வரும், வரும்" என்றேன்.

நாலரைக்கு வந்தது. மேற்கு ஓரத்தில் ஏறி மெல்ல நீண்டது. எனக்குப் பெருமையும் கிலியும் ஒன்றாகப் பொங்க, கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "பாத்தீங்களா, உச்சியில அஞ்சு கலசம். எண்ணிக்கோங்க."

அவர் எண்ணினார். பிறகு கேட்டார். "சார், கோபுரம் எங்க இருக்குது?"

"இதோ, எதிர்ல."

"சூரியன்?"

"முதுகுப் பக்கம்."

"அப்போ கோபுரத்தோட நிழல் எந்தப் பக்கம் போவும்?"

 கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"கோபுரம் உங்களுக்கு நேர் வடக்கு. வெயில் காலத்துல கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும், ஆனா இவ்ளோ தூரம் எட்டாது. இது அந்த நிழல் இல்ல சார்." சாக்பீஸால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினார். அடுத்த தெருவில் தென்மேற்காக நான்கு மாடிக் கல்யாண மண்டபம். அதன் உச்சியில் வரிசையாக ஐந்து கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்.

கோபுரம் முன்னால் இருக்க, நிழல் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறதே என்று எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. தெய்வ காரியம், நாம் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டிருந்தேன்.

காபியோடு மேலே வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இத்தினி வருஷமா தண்ணித் தொட்டியவா கும்பிட்டுக்கினு இருந்தீங்க?"

அந்தப் பெண்மணி முகத்தைத் தம்ளருக்குள் மறைத்துக்கொண்டார். தம்ளர் குலுங்கியது.

"நம்ம கல்யாணத்தப்போ அந்த மண்டபமே இல்லியே. உங்கப்பா எந்த நிழலைச் சொல்லி என்னைக் கேட்டாரு?"

அப்போது அங்கே ஒரு தென்னை மரம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஆனால் எது தந்தாலும் நிழல் நிழல்தானே. மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். "ஆகுமாம்மா, ஆகாதா? நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"ஆகும்க்கா. நாலரைக்கு அப்புறந்தான் ஏறுது, அதுவும் மேற்கு ஓரம். பேனலைக் கிழக்கால தள்ளிப் போடறேன். எட்டு போடலாம்னு நினைச்சேன், இடம் பத்தாது, ஏழுதான். மிஷினைப் பகல்ல ஓட்டுங்க, ராத்திரிக்கு இது குடுக்காது. லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுடும். அதையும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

ஒரு சாமானால் என்னென்ன ஆகாது என்று வாங்குவதற்கு முன்பே ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் என் கடையில் சொன்னதில்லை. மனைவி என்னைப் பார்க்கக்கூட இல்லை. அங்கேயே போனை எடுத்து மிஷின்காரரிடம், "அனுப்பிடுங்க" என்றாள்.

பொங்கல் கழிந்து பேனல்கள் வந்தன. வந்த வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. நெசவாளர்கள் தறியில் ஏற்றப் போகும் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பாவு விரித்துவிட்டால் ராஜாவே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். நான் வண்டிக்கும் பாவுக்கும் நடுவில் ஓடினேன்.

"கண்ணாடி சாமான்பா, வெயில்ல நிக்குது."

"வெயில்ல வெக்கத்தானே வாங்கியிருக்கீங்க" என்றார் பாவு பிடித்திருந்தவர், தலையைத் தூக்காமல்.

அரை மணியில் பாவைச் சுருட்டினார்கள். அதே ஆட்கள் நாலு பேர், கூப்பிடாமலே வந்து பேனலுக்குக் கை கொடுத்தார்கள். தினமும் பாவைத் தொய்யாமல் பிடித்து ஒரே அடியாக நடந்து பழகியவர்கள். ஏழு பேனலும் என் குறுகலான படியில் ஒரு இடத்திலும் இடிக்காமல் ஏறின. நான் பின்னால் நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

கரண்ட் ஆபீசிலிருந்து வந்து மீட்டரை மாற்ற இன்னும் பதினோரு நாள் ஆனது. அது ஒரு வியாழக்கிழமை. காலை பதினொன்றே காலுக்கு அந்தப் பெண்மணி சுவிட்சைப் போட்டார். மூன்று மிஷினும் ஓடத் தொடங்கின. மாலை ஐந்து மணிக்குள் என் மனைவி பன்னிரண்டு ரவிக்கைக் கைகளை முடித்திருந்தாள்.