ஏடகம் என்று நான் வைத்த பெயர்

அந்த மென்பொருளின் பெயர் முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. க்னர்ப். விருந்து முடித்த மாமனார் விடும் ஏப்பம் மாதிரி ஒரு பெயர். ஆனால் நல்ல மென்பொருள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஆளுக்கொரு கட்டாகத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எழுதியவர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். மந்தாரக்குப்பத்துக் கடைகளின் பழைய கணினிகளில் ஓடும் லினக்ஸுக்கு ஏற்ப அதைப் பொட்டலம் கட்டி அனுப்புவது, ஆபீஸ் நேரம் போக நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

பொட்டலம் கட்டுகிறவன் பெயரை மாற்றலாமா என்று யாரையும் கேட்கவில்லை. ஏடுகள் இருக்கும் இடம் என்ற பொருளில் 'ஏடகம்' என்று வைத்தேன். பழைய பெயரின் தடயமே இருக்கக் கூடாது என்று, கணினி அடுத்த முறை ஆன் ஆகும்போது க்னர்ப்பின் மிச்சங்களைத் துடைத்துவிடச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தேன்.

முதலில் சோதனைக்கு ஒரே ஒரு ஆன்லைன் சென்டருக்கு அனுப்பிவிட்டு, மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

"ஊரான் புள்ளைக்கு நீங்க எதுக்குப் பேர் வைக்கிறீங்க?"

"பேர் நல்லா இல்லியே."

"உங்க பேரு மட்டும் நல்லாவா இருக்கு? நான் மாத்துனேனா?"

அடுத்த வார ஓய்வு நாளன்று, மதியச் சாப்பாடு முடிந்து கண் அசந்த நேரத்தில், அந்த ஆன்லைன் சென்டரின் கடைக்கார அம்மா போன் செய்தார்.

"சார், இப்பதான் அப்டேட் ஆச்சு, க்னர்ப்பைக் காணோம்."

"ஏடகம்னு ஒண்ணு இருக்குமே, அதான்."

"அதுவா? ஏதோ கல்யாண மண்டப விளம்பரம்னு நெனச்சேன். தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல சார். காடாம்புலியூர் அக்காவோட சர்டிபிகேட் எல்லாம் க்னர்ப்புலதான் இருந்துச்சு. ஒரிஜினல அவங்க கோர்ஸ் சேந்த எடத்துல வாங்கி வச்சிட்டாங்க. அங்கன்வாடி வேலைக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி."

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றது என் வாய். கணினி பற்றி யார் எதைக் கேட்டாலும் அது தானாகச் சொல்லும் பதில். மூளைக்குத் தகவல் போவதில்லை.

"அதெல்லாம் அப்பவே பண்ணிட்டேன் சார்."

போனை வைத்த பிறகுதான் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த முறை ஆன் ஆகும்போது. ஆன் ஆகியிருந்தால், க்னர்ப்போடு அந்தச் சர்டிபிகேட்களும் போயிருக்கும்.

வண்டியை எடுத்தேன். எங்கள் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் தாண்டித்தான், சட்டைப்பையில் இருப்பது செல்போன் அல்ல, டிவி ரிமோட் என்று தெரிந்தது. திரும்பிப் போக நேரமில்லை. ஷிப்ட் முடிந்து வந்த பஸ்கள் வரிசையாக வழியை அடைத்தன. ஹெல்மெட்டுக்குள் பொய்களை ஒத்திகை பார்த்தேன். வைரஸ் என்று சொல்லலாம். வெளிநாட்டுக்காரர் மேல் பழி போடலாம். அவர் தமிழில் மறுக்கப் போவதில்லை.

கடையில், காடாம்புலியூரிலிருந்து விண்ணப்பிக்க வந்த பெண் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களால் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னாங்க, கெடைக்குமா?"

"வந்துக்கிட்டே இருக்குங்க."

"எது வந்துகினு இருக்குது?"

எனக்கும் தெரியவில்லை. கடைக்கார அம்மாவிடம் திரும்பினேன். "ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் பிரிண்டரைப் பார்த்தார். "பண்ணல சார்."

"பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். ஆஃப் பண்ணா இந்தக் கெழவன் எழுந்துக்க அரை மணி ஆவும். கஸ்டமர் நிக்கிறாங்க."

"எப்பவுமேவா?"

"நீங்க சொல்றப்பல்லாம்."

அவர் காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

"அது ரொம்ப நேரம் தாங்காது சார். பேட்டரி போயிடுச்சி."

அணைந்தால் மறுபடி ஆன் ஆகும். ஆன் ஆனால் துடைக்கும். அந்த வரியைத் தேடினேன். தப்புத் தப்பாகத் தட்டித் திருத்தினேன். கண்டுபிடித்து, அழித்து, சேமிப்பதற்கான சாவியை அமுக்கினேன். திரை கறுத்தது.

சேமித்ததா, அதற்கு முன்பே அணைந்ததா? மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. கிழவன்தான் நிதானமாக எழுந்தான். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரை வந்தது. க்னர்ப்பின் மிச்சங்களில் அந்தப் பெண்ணின் கட்டைத் திறந்தேன். பத்தாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ, எல்லாம் இருந்தன. ஏற்றி அனுப்பி, ஒப்புகைச் சீட்டு பிரிண்டரிலிருந்து வெளியே வரும்வரை அந்தப் பெண் பையை விடவில்லை. வந்ததும் சீட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "பஸ்ஸு போயிடும்ங்க" என்று கிளம்பிவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து பெயரைத் திரும்பவும் க்னர்ப் ஆக்கினேன். எழுதியவருக்கு அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

"அப்ப ஏடகம் வேணாமா சார்?"

"வேணாம்."

"வீணாப் போவுதே. என் கடை போர்டு பழசாயிடுச்சி. நான் வச்சிக்கவா?"

"கடை உங்களுது. வச்சிக்கங்க."

"கல்யாண மண்டபம்னு யாராவது வந்து கேட்டா?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.