கந்தம்மாள் முருகனிடம் கேட்காமல் விட்டது

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் கந்தம்மாளுக்கு எட்டு வருடமாக ஒரே அடையாளம்தான்: கேன்சர் வந்த அம்மா. அதற்கு முன்பு அவள் சுற்றுலாக் காட்டேஜ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறவள், புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள், வாய் நீளமானவள். இடது மார்பை எடுத்த பிறகு அதெல்லாம் ஊருக்கு மறந்துபோய், இது ஒன்று நின்றது. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவன்கூட அவள் இலையில் கறித்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான். முகத்தை அவள் கவனிப்பதில்லை, துண்டை விடுவதில்லை.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றத் தொடங்குமுன், பழனி முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். இந்தக் கேன்சர் போகட்டும், படியேறி வந்து முடி தருகிறேன். இரண்டாவது ஊசியிலேயே முடி முழுக்கக் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரித் தலையணையில் உதிர்ந்ததைக் காணிக்கை என்று சாதிக்க அவளுக்கே மனம் வரவில்லை. வளர்ந்ததும் கொடுப்பதாக இருந்தாள். வளர்ந்தது, முன்னைவிட அடர்த்தியாக. ஆனால் போகவில்லை.

மகள் ஷர்மிளா காரணம் கேட்டாள்.

“குடுத்திட்டா அதோட முடிஞ்சிரும்டி. பாக்கி இருக்கிற வரைக்கும் அவரு என்னையச் சாக விடுவாரா?”

“சாமிய ஏமாத்துறியேம்மா.”

“அவருக்கென்ன அவசரம்? முடி குடுக்க அங்க ஆயிரம் பேரு வரிசையில நிக்கிறான்.”

இந்த ஏற்பாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. கேன்சரையே நிறுத்தி வைத்திருப்பவள் சின்ன நோய்களைச் சட்டை செய்ய வேண்டியதில்லை. வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர் ஜோதிமணி, மூன்று வருடத்துக்கு முன்பே அவளுக்குப் பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்து மாதாமாதம் மாத்திரை கொடுத்து வந்தாள். அளந்து பார்த்தால் மட்டும் குறையவே இல்லை.

“மாத்திரைய ஒழுங்கா முழுங்குறீங்களாக்கா?”

“வெள்ளனே எந்திரிச்சதும் அதான் தாயி மொத சோலி. நீ மேடேறி மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறியா, உன்னையப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது. அதான் மிஷின் ஏத்திக் காட்டுது.”

முழுங்கியது பக்கத்து வீட்டுச் சூசைமுத்து. சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் பிரஷர், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு டிரிப் போய்விடும். “எனக்குப் பெரிய நோவே வந்திருச்சு, இனி இது எதுக்கு? நீ தின்னுடா” என்று கந்தம்மாள் அட்டையோடு கொடுத்துவிடுவாள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்த இடம்தான் வேறு.

போன ஐப்பசி மழையில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சந்தையிலிருந்து வீட்டு மேடு ஏற நான்கு இடத்தில் நின்றாள். கால் வீங்கியது. படுத்தால் இருமல். தெருவுக்குச் சந்தேகமே இல்லை: கேன்சர் திரும்பிவிட்டது. ஆரஞ்சுப் பழங்கள் வந்து குவிந்தன.

கந்தம்மாளுக்கும் சந்தேகமில்லை. முருகன் பொறுமை இழந்துவிட்டார். “பழனிக்கு வண்டி புடி, வெரசா குடுத்திர்றேன்” என்றாள். மதுரைக்கு என்றாள் ஷர்மிளா. முடியைக் கொடுக்காமல் எந்த டாக்டரிடம் போயும் பிரயோசனமில்லை, படியும் ஏறியாக வேண்டும் என்று தாய் பிடிவாதமாக நின்றாள். வாசலிலிருந்து சூசைமுத்துவின் வேனுக்கு நடந்ததிலேயே அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பெருமாள்மலையில் பழனிக்கும் மதுரைக்கும் பாதை பிரிகிறது. வேன் மதுரைப் பக்கம் திரும்பியது.

“ஏலே சூசை! பழனி ரோட்டுல திருப்புலே!”

“அங்கிட்டு மண்ணு சரிஞ்சு கெடக்குக்கா. சுத்தித்தான் போகணும்.”

மண் எங்கும் சரியவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், முகம் மாறாமல் சொன்னார். கந்தம்மாள் நம்பினாள், ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது திட்டுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

இரண்டாம் நாள் ஸ்கேன் முடிவோடு ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். “கேன்சர் எங்கயும் இல்லம்மா.”

ஷர்மிளா அழுதாள். கந்தம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்ப இது என்னங்க?”

“இதயம். வருஷக்கணக்கா பிரஷர் ஏறிக் கெடந்து, அது களைச்சுப் போச்சு. மாத்திரை யாரும் குடுக்கலையா?”

“குடுத்தாங்க.”

“சாப்பிட்டீங்களா?”

கந்தம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே நின்ற சூசைமுத்து தொண்டையைச் செருமினார். “நான் சாப்பிட்டேங்க.”

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “உங்க பிரஷர் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

பிறகு டாக்டரம்மா கந்தம்மாளின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். மார்பில் கேன்சர் வந்து தப்பிய பெண்களில் நிறையப் பேர் கடைசியில் போவது கேன்சரில் இல்லை, இதயத்தில்; எல்லோரும் ஒரு வாசலையே காவல் காக்கிறார்கள், சாவு அடுத்த வாசலில் வருகிறது.

“படியேறியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?”

“பாதி தாண்டியிருக்க மாட்டீங்க.”

கந்தம்மாள் கணக்குப் பார்த்தாள். முருகன் மேல் குறை சொல்ல இடமில்லை. “கேன்சருக்குத்தான வேண்டிக்கிட்டேன்” என்றாள் மகளிடம். “பிரஷரப் பத்தி அவருகிட்ட நான் வாயே தெறக்கலையேடி.”

பத்து நாள் கழித்து, வீக்கம் வடிந்த காலோடு வீடு திரும்பினாள். தை பிறந்ததும், கூட்டம் சேருமுன், டாக்டரம்மாவின் அனுமதியோடு பழனிக்குப் போனாள். அடிவாரத்தில் மொட்டை; மேலே போனது விஞ்ச் ரயிலில். சொன்னபடி படியேறாததற்கு டாக்டரம்மாதான் பொறுப்பு என்று சந்நிதியில் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது காலையில் ஷர்மிளா முன்னால் மாத்திரையை முழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். சூசைமுத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்.

“பிரஷருக்கும் சேத்து வேண்டிக்கிட்டியாம்மா?”

“இல்லடி. இன்னொரு பாக்கி வச்சா நீ திரும்பவும் மாத்திரைய சூசைக்குக் குடுத்திட்டேம்ப.”

சந்தனம் உதிர்ந்த பிறகு, குளிருக்குக் கட்டிய துண்டுக்கடியில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தவர்களுக்கு, மறுபடி மருந்து ஏற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டது. ஆரஞ்சு திரும்பவும் வருகிறது. கந்தம்மாள் மறுப்பதில்லை, மாத்திரையை முழுங்கிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்கிறாள்.