எங்கள் வீட்டை ஆண்டவன்

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஓர் இடம் வரும்போது என் மாமியாரின் குரல் நின்றுவிடும். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் பக்கம், ஜன்னலை ஒட்டி, நான் அவர் அருகில் நிற்பேன். அவருடையது கனமான குரல். சபையே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டை எடுக்கும், ஜெபத்தைச் சொல்லும். ஆனால் எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று கடவுளிடம் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதைக் கடந்து போவார்கள். அடுத்த வரியில் அவர் மறுபடி சேர்ந்துகொள்வார். முதல் தடவை, மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் நின்றபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்களைத் திறந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். அரியலூர் டவுனை ஒட்டிய சின்ன ஊர். அத்தை பிறந்தது ஆண்டிமடம் பக்கம். சிறு வயதில் அடுத்தவர்களின் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கியவர். கல்யாணமாகி வந்த பிறகும் நடவு, களையெடுப்பு என்று அடுத்தவர் வயலிலேயே காலம் போனது. மாமாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்த பிறகுதான் குடும்பம் கொஞ்சம் நிமிர்ந்தது. மாமா பேச்சுக் குறைந்தவர். அத்தை அப்படியில்லை. சபையின் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், பிரசவம் என்றாலும் அவரைத்தான் கூப்பிட ஆள் வரும். போய் முழங்கால் போட்டு அவர் ஜெபிக்கத் தொடங்கினால் கல்லும் கரையும் என்பார்கள். நானும் கரைந்திருக்கிறேன்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என் கணவர். இளையவன் என் கொழுந்தன், அத்தையின் உயிர். சிமெண்ட் ஆலையில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால், “அண்ணி, கொழம்புல உப்பு போட்டீங்களா, இல்ல எங்கம்மா மாதிரி ஜெபம் மட்டும் பண்ணி எறக்கிட்டீங்களா?” என்பான். அத்தை கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். புதுப்பெண்ணாகப் போன இடத்தில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அவனால்தான்.

ஒரு மத்தியானம், வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன் மேல் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி மோதியது. டிரைவர் ஓடிவிடவில்லை. அவனைத் தூக்கி லாரியிலேயே கிடத்தி, கிளீனரை ஓட்டச் சொல்லிவிட்டு, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் இதை ஆறுதலாகச் சொன்னார்கள், நல்ல மனுஷன், மடியில் போட்டுத் தூக்கி வந்தான் என்று. அத்தை தலையைத் தூக்கி, “எம்புள்ள தலைய வைக்க எம்மடி இல்லியா? அவன் மடி எதுக்கு?” என்று கேட்டார். யாரும் அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேஸ் நடந்தது. மாமா வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லமாட்டார். டிரைவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவன் வெளியே வந்த பிறகு, அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். “அம்மா, அவரு லாரியத் தொடுறதே இல்லைங்கம்மா, ஊருல கூலி வேலைக்குத்தான் போறாரு. உங்க கால்ல விழணும்னு சொல்றாரு, வரதுக்குப் பயப்படுறாரும்மா” என்றாள். அத்தை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவள் போன பிறகு ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, அவள் நின்ற இடத்தைக் கழுவிவிட்டார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. ஊராருக்காக உருகி ஜெபித்த அதே கைகள்தான் அந்தக் குடத்தைச் சரித்தன.

அன்றிலிருந்து எங்கள் வீடு மெல்ல மெல்ல வேறொரு சட்டத்துக்குள் போனது. யாரும் உத்தரவு போட்டதாக நினைவில்லை, ஆனாலும் எல்லாரும் கீழ்ப்படிந்தோம். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவது நின்றது. ரேடியோ துணி போர்த்தி மூலைக்குப் போனது. பெரிய ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் அத்தை கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். தம்பி பார்த்த வேலையை என் கணவருக்குத் தருவதாக ஆலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அத்தை கூடாது என்றார். என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கும் வேலையிலேயே இருந்துவிட்டார். அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை மனதில் பகையோடு வாங்கக்கூடாது என்பார்கள்; அந்த ஞாயிறுகளில் அத்தைக்குத் தலைவலி வரும். போதகர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, மன்னிப்பைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். “ஐயா, உங்க புள்ளைங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார் அத்தை. போதகர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்.

வெளியில் பார்த்தால் ஒன்றும் குறைவில்லை. காலையில் வேதவாசிப்பு, மாலையில் குடும்ப ஜெபம், ஞாயிறு ஆராதனை, மாதர் சங்கம். ஒரு கிறிஸ்தவ வீட்டில் நடக்கவேண்டியதெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கர்த்தர் தீர்மானிக்கவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். அத்தைக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியது போலிருந்தது. பிள்ளை அவரோடுதான் படுப்பாள். எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம், அவளுக்குப் பேச்சு நன்றாக வந்திருந்தது. ஒரு மாலை குடும்ப ஜெபத்தில், “இன்னைக்கு எங்கண்ணு ஜெபம் பண்ணட்டும்” என்றார் மாமா. பிள்ளை கைகளைக் குவித்துக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். “ஏசப்பா, எல்லாரையும் காப்பாத்துங்க. மழை குடுங்க. லாரிக்காரன் சாவணும். அவன் புள்ளைங்கள்லாம் சாவணும். எங்க அப்பத்தா மாதிரி அவன் அழுவணும். ஆமென்.”

கண்ணைத் திறந்து, சரியாகச் சொன்னேனா என்று அப்பத்தாளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து அத்தை முணுமுணுத்து வந்த ஜெபம் அது. கிட்டத்தட்ட அப்படியே குழந்தை அதைப் பாடமாக்கியிருந்தாள். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமா அசையவில்லை. அத்தையின் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பதில் வேறு யாரோ தெரிந்தால் ஒரு மனுஷி எப்படிப் பார்ப்பாளோ, அப்படி அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குடும்ப ஜெபத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுப்படி வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தா புள்ள, இந்த வூட்டுக்கு யாரு ராஜா?” என்று கேட்டார்.

“ஏசுசாமிதான் அத்தை” என்றேன்.

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவரத் தெருவுல நிக்க வச்சிட்டு, லாரிக்காரன உள்ள கூட்டியாந்து உக்கார வச்சிருக்கேன். எந்திரிச்சா அவன் நெனப்பு, படுத்தா அவன் நெனப்பு. நட்சத்திரம் கட்டாதேங்கிறது அவன். ஒம்புருசன வேலைக்குப் போவாதேன்னது அவன். கடைசில பச்சப்புள்ள வாயிலயும் அவனே வந்து உக்காந்துட்டான் பாரு. எம்புள்ளையக் கொன்னவன், எவ்ளோ நாளா என் வூட்டையும் ஆண்டுகிட்டிருக்கான்.”

அழவில்லை. கணக்குப் புரிந்த ஒருவர் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார். அரிசிப் பானையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, “மீன்சுருட்டிக்கு எந்த பஸ்ஸு போவுதுன்னு ஒம்புருசனைக் கேளு” என்றார். டிரைவரின் ஊர் அது.

நானும் அத்தையும் போனோம். மாமாவைக் கூப்பிட்டோம், வரமறுத்துவிட்டார். ஜெயங்கொண்டத்தில் அத்தையின் கையைப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன். அங்கிருந்து மீன்சுருட்டி வரை முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடியே வந்தார். ஊரில் விசாரித்துக்கொண்டு போனால், கீற்றுக் கொட்டகைக்கு முன்னால் ஓர் ஆள் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். அவன் மனைவி எங்களை அடையாளம் கண்டுகொண்டு, ஓடிவந்து பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவோரம் நின்றாள். அவளுடைய அந்தப் பயத்தைக் கண்டபோது அத்தை ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் அத்தையின் காலில் விழ வந்தான். “வேணாம், நில்லு. ஒண்ணு கேக்கணும். எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?” என்றார் அத்தை.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “தண்ணி கேட்டாரும்மா. குடுத்தேன். அப்புறம் சைக்கிள் என்னாச்சுன்னு கேட்டாரு. நல்லாருக்கு தம்பி, ஒண்ணும் ஆவலன்னு பொய் சொன்னேன். எங்கப்பா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னாரு. அவ்ளோதாம்மா.”

அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் செத்த நாளிலும் அவர் அப்படி அழுததில்லை. யாரும் தேற்றவில்லை. அவனும் மண்வெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அழுது ஓய்ந்ததும் அத்தை சொன்னார்: “மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரல. பொய் சொல்லவும் நான் வரல. ஆனா நீ சாவணும், ஒம்புள்ளைங்க சாவணும்னு எங்க சாமிகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். இனிமே கேக்கமாட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சிறுவாச்சூருக்குப் போயி, அம்மன் முன்னால நின்னு, என்னை எடுத்துக்கன்னு நானுந்தாம்மா கேட்டேன்” என்றான்.

அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “அப்படிக் கேக்காதப்பா. புள்ளைங்கள வச்சிருக்க” என்றார். கதவோரம் நின்ற அவன் மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். அவள் சொம்பை நீட்டினாள். அத்தை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போதுதான், “ஒம்பேரு என்ன?” என்று கேட்டார். அத்தனை காலமும் எங்கள் வீட்டில் அவனுக்கு லாரிக்காரன் என்பதைத் தவிர வேறு பேர் இருந்ததில்லை.

அந்த ஒரே பயணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கொழுந்தன் பிறந்த நாள் வரும், அவன் வயதுப் பையன்களின் கல்யாணப் பத்திரிகை வரும், அத்தையின் முகம் கருத்துப்போகும். “இன்னைக்கு மறுபடியும் வந்து உக்காந்துட்டான் புள்ள” என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய் முழங்கால் போடுவார். வெளியே வருவதற்குச் சில நாள் அரைமணி நேரமாகும், சில நாள் மத்தியானமே ஆகிவிடும். முன்பு அவர் ஜெபத்தைக் கேட்டு ஊர் அழுதது. இப்போது கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் வராது. ஆவிக்குரிய எழுப்புதல், மனம் புதிதாய் விழித்தெழுவது என்றெல்லாம் மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். நான் என் கண்ணால் கண்டது அந்தச் சாத்திய கதவுதான். இழந்த நாட்டை ஒரு ராஜா ஊர் ஊராகத் திரும்ப மீட்பதுபோல, கர்த்தர் அவரை நாள் நாளாக மீட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது அத்தையின் குரல் நிற்கவில்லை. தாழ்ந்துதான் வந்தது, உடைந்துதான் வந்தது. அந்த மாதம் திருவிருந்துக்கு அவருக்குத் தலைவலி வரவில்லை. மாலை ஜெபத்தில் எங்கள் எல்லாருடைய பேருக்கும் பிறகு மீன்சுருட்டிக்காரரின் பேரையும், அவர் மனைவி மக்களின் பேரையும் சொல்லத் தொடங்கினார். கடைசிவரை அதை விடவில்லை.

இன்று நாங்கள் குடும்பமாக ஜெபிக்கும்போது கர்த்தருடைய ஆளுகை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது வீட்டுக்குள் வர ஒரு மனுஷி எதையெல்லாம் கையிலிருந்து விடவேண்டியிருந்தது என்பது என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் முடிவில் அத்தை இறந்தார். மீன்சுருட்டிக்குச் சொல்லி அனுப்பினோம். மீன்சுருட்டிக்காரர் தன் மனைவியோடு வந்து, கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம், கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். போதகர் ஜெபித்து முடித்தார். உறவினர்கள் ஒவ்வொருவராகக் குழியில் மண் போட்டார்கள். அப்போது மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலி வரைக்கும் நடந்து போனார். கோர்ட்டு மரத்தடியில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ மாமா ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக் குழி விளிம்புக்குக் கூட்டிவந்தார்.

“எம்பொண்டாட்டி தெனமும் ஒம்பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவா. ஒருநாளும் நான் அதுக்கு ஆமென் சொன்னதில்லப்பா” என்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆமென்” என்றார்.