மிக்சருக்காக ஒரு ஜோடி சிலிப்பர்

என் மனைவி சரோஜா கேக் மாவு கலக்கும் பழைய இரும்பு மிக்சரின் வயர் பிய்ந்தபோது, கடைக்குக் கொடுப்பானேன் என்று வீட்டில் கிடந்த வேறொரு வயரை நானே மாட்டினேன். அதன்பிறகு, "தொட்டா லேசா ஷாக் அடிக்குதுங்க" என்பாள்.

"பழைய மெஷின் அப்படித்தான் லா. சிலிப்பர் போட்டுக்க" என்பேன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். வீட்டுக்குள் செருப்பே போடாதவள், அதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பரைச் சமையலறை மேசையடியில் வைத்துக்கொண்டாள்.

போன வருடம் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. இந்தத் தீபாவளிக்கு மகள் அம்மாவின் கேக்கைக் கேட்டாள். வெறுங்காலோடு நின்று மிக்சரைப் போட்டேன். ஷாக் என்னைத் தூக்கியடித்தது. மெயின் சுவிட்ச் தானாக விழுந்ததால் பிழைத்தேன்.

கிள்ளான் டவுனிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் மிக்சரைப் பிரித்துப் பார்த்தார். "அங்கிள், ரெண்டு கம்பி வயரு போட்டிருக்கு. எர்த்தே இல்ல. எவன் செஞ்ச வேலை இது?"

"நான்தான்" என்றேன்.

இப்போது எந்தச் சாமானையும் நான் பிரிப்பதில்லை. ஷாக் அடிக்கிறது என்று மகள் ஒரு தடவை சொன்னால் போதும், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

சரோஜா அதை ஆறு வருடம் சொன்னாள்.