டப்பாவில் சேர்ந்த ஆணிகள்

அடுத்தவர் வண்டியில் காற்று இறங்கினால்தான் எங்கள் வீட்டில் உலை ஏறும். பஞ்சர் கடைத் தொழில் அப்படிப்பட்டது.

இப்போது என் கை ஒரு லாரி டியூபைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஓட்டையைச் சுற்றி அரத்தால் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். ஒட்டு ரப்பரை வைத்து இரும்புப் பிடியில் இறுக்கி, மேலே இருக்கிற கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்க வேண்டும். அது எரிந்து அணைகிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கு ஒரே டியூபில் ஐந்து ஓட்டை, அதனால் கொஞ்சம் அதிகமாகவே எழுதலாம்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில், ஏரிக்கரை இறக்கம் முடிகிற இடத்தில் எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு, இரண்டும் வாடகைக்கு. டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வீட்டுக்காரர் வேலை. டியூப் என் வேலை, அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஆம்பளைகள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்வேன். பின்னால் பெஞ்சில் டிரைவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும், ரோட்டில் நடப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

என் மகள் செல்விக்குப் பத்து மாசம். தவழ்கிறாள், கிடைத்ததை வாயில் போடுகிறாள். அதனால் டயரிலிருந்து பிடுங்குகிற ஆணி, கம்பி எதுவானாலும் உடனே பால்மாவு டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிடுவேன்.

இந்த ரோட்டில் ஒரு தடவையாவது வந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதுசு இல்லை. இடுப்பு வலி இன்னும் இருக்கும்.

கண்ணாடியில் ஒட்டிய வரி

பெருமாள் அண்ணன் பாலாற்று மணல் லாரி ஓட்டுகிறார், சொந்த வண்டி. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை காஞ்சிபுரம் போய், வரிசையில் நின்று ரோட்டு வரி கட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கிற சீட்டை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஒரு தடவை அரை நாள் நின்று வாங்கிய சீட்டோடு எங்கள் கடைக்கு வந்தார். பசை இல்லை. நாங்கள் டியூபுக்குத் தடவுகிற சொல்யூஷனை வாங்கித் தடவி ஒட்டினார். விழுந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையால் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே நின்றார்.

வண்டியை எடுத்து முப்பது அடி போயிருக்க மாட்டார். கடைக்கு எதிரே ஒரு பள்ளம் உண்டு, மழைக்காலத்தில் அதில் வாத்து நீந்தும். முன்சக்கரம் அதில் இறங்கி 'டுப்' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெருமாள் அண்ணன் திரும்பி நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் என் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "வரி கட்டுன சீட்டு கண்ணாடியில கீது தங்கச்சி. ரோடு எங்க கீதுன்னுதான் தேடிக்கினு கீறேன்."

மாப்பிள்ளை தள்ளிய கார்

காதர் பாய் டாக்சி ஓட்டுகிறார், பழைய அம்பாசிடர். பெட்ரோல் விலை மறுபடி ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஏரிக்கரை மேட்டிலேயே என்ஜினை அணைத்துவிடுவார். கார் இறக்கத்தில் தானாக உருண்டு எங்கள் கடை வாசலில் வந்து நிற்கும். அங்கே மறுபடி சாவி போடுவார். "இதுல இன்னா மிச்சம் பாய்?" என்று யாராவது கேட்டால், "ஒரு டீ" என்பார்.

ஒரு முகூர்த்த நாளில் மாப்பிள்ளையையும் அவர் வீட்டு ஆட்கள் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு உருண்டு வந்தார். நடுவில் எருமைகள் குறுக்கே வர, பிரேக் போட்டார். கார் கடைக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. சாவி போட்டால் முனகுகிறதே தவிர கிளம்பவில்லை. ஆறு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நகரவில்லை. மாப்பிள்ளையும் இறங்கினார். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கை கார் முதுகில். கடை வாசலுக்கு வந்தபோதுதான் என்ஜினுக்கு உயிர் வந்தது. பெட்ரோல் விலையை ஏற்றினவர்களை காதர் பாய் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தாலி கட்டனப்பறம்தான் பாரம் தள்ளணும்னாங்க. இங்க வழியிலயே ஆரம்பிச்சிட்ச்சி."

பாதி ரோடு

மந்திரி ஒருவர் உத்திரமேரூரில் கூட்டம் பேச வருகிறார் என்றார்கள். பத்து நாள் முன்னால் ரோட்டு என்ஜின் வந்தது, ஜல்லி வந்தது, தார் வந்தது. டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வேலை முடிந்து என்ஜின் போன பிறகுதான் தெரிந்தது, காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். மந்திரி அந்தப் பக்கமாக வருவார், கூட்டம் முடிந்து செங்கல்பட்டு வழியாகப் போய்விடுவார். அவர் சக்கரம் படாத பாதியில் பள்ளங்கள் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து பஸ், லாரி, மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் அந்த ஒரு பாதியில்தான். எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, யார் கீழே இறங்குவது என்று காலையிலிருந்து ஹாரன். செல்வியைத் தூங்கவைக்க முடியவில்லை. அந்த வாரம் எங்களுக்கு இரண்டே பஞ்சர். எல்லோருக்கும் டயர் தப்பித்த சந்தோஷம், நான் மட்டும் அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. காதர் பாய்க்குப் பாதி ரோடு போதவில்லை. "அந்த மனுசன் வந்த வழியாவே திரும்பிப் போயிருந்தா நமக்கு முழு ரோடு கெடச்சிருக்கும்மா. செங்கல்பட்டுல இன்னா வேல அவருக்கு?"

டப்பா

மந்திரியை வரவேற்க எங்கள் கடைக்குக் கொஞ்சம் மேலே, இறக்கத்திலேயே, பெரிய வளைவு கட்டியிருந்தார்கள். மரச்சட்டம், மூங்கில், சட்டம் முழுக்கத் தங்கக் கலர் ஜிகினாத் தாள். கூட்டம் முடிந்த மறுநாள் அதைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து பஞ்சர் வர ஆரம்பித்தது. சைக்கிள், மாட்டுவண்டி டயர், லாரி, எதுவும் பாக்கி இல்லை. கிண்ணம் அணைய நேரமில்லை. எதனால் என்று நான் யோசிக்கவே இல்லை. பானையில் அரிசி இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒட்டு ரப்பர் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். பெருமாள் அண்ணன் வந்தார், ஒரே நாளில் அவருக்கு மூன்றாவது பஞ்சர். பெஞ்சில் காதர் பாயும் இன்னும் மூன்று டிரைவர்களும் இருந்தார்கள். பெருமாள் அண்ணன் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. ரோடு போட்டாங்க, உங்களுக்கு வேல இல்லாம பூட்ச்சி. இப்போ ஊர்ல கீற ஆணியெல்லாம் உங்க கடையாண்டதான் வந்து கெடக்குது. அது எப்டி?"

என்னால் திரும்ப முடியவில்லை. கையில் அரம் அப்படியே நின்றுவிட்டது.

"இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார் இன்னொரு டிரைவர். "எடத்துக்காரர்கிட்ட சொல்லி காலி பண்ண வை. ஒரே பேஜாரா பூட்ச்சி."

கடை போனால் பின்னால் இருக்கிற அறையும் போகும். குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? செல்வி அந்தப் பால்மாவு டப்பாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள், உள்ளே ஆணிகள் கலகலவென்று ஆடின. அதை அவளிடமிருந்து வாங்கினேன். எழுந்தேன். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த பிறகு முதல் தடவையாக பெஞ்சைப் பார்த்துத் திரும்பினேன். சாக்கை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன்.

"பாருங்கண்ணா," என்றேன்.

விரலால் பிரித்து வைத்தேன். ஒரு பக்கம் பழசு: லாட ஆணி, செருப்பு ஆணி, துருப்பிடித்த கம்பி. இன்னொரு பக்கம் இந்த மூன்று நாளில் பிடுங்கியது. எல்லாம் ஒரே நீளம், எல்லாம் புதுசு, பாதிக்கு மேல் ஆணிகளில் தலைக்கு அடியில் தங்கக் கலர் ஜிகினாத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

காதர் பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "ஆணி போடறவ ஜிகினா சுத்தியா போடுவா? இது அந்த வளைவு ஆணிப்பா."

பெருமாள் அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார். அந்த வளைவைப் பிரித்து ஏற்றிப் போனது அவர் லாரியில்தான். கட்சி ஆட்கள் காலையில் வந்து, மந்திரி வேலை என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டார்களாம். வாடகை கிடையாது. சட்டங்களை ரோட்டிலேயே போட்டு உடைத்து, ஆணிகளை உதறிவிட்டு, கட்டையை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். என்னை நிமிர்ந்து பார்க்காமல், சாக்கில் கிடந்த ஆணிகளிடம் சொல்வது மாதிரி சொன்னார்: "என் வண்டி, என் டீசலு, நான் கட்டுன வரி. அவனுங்களுது ஆணி ஒண்ணுதான். அத்தயும் என் டயர்லயே வுட்டுட்டுப் பூட்டானுங்க."

காந்தம்

அன்றைக்கு மத்தியானமே காதர் பாய் ஒரு காந்தம் கொண்டுவந்தார். கூட்டங்களில் கத்திக் கத்தி உடைந்துபோன ஒலிபெருக்கியிலிருந்து எடுத்ததாம். அதைக் கயிற்றில் கட்டி, செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறக்கத்தின் மேலிருந்து கடை வரைக்கும் ரோட்டில் இழுத்துக்கொண்டே நடந்தேன். பெருமாள் அண்ணன் முன்னால் போய் வண்டிகளை நிறுத்தினார். இரண்டு தடவை போய் வந்ததில் டப்பா நிறைந்துவிட்டது. மறுநாள் ஒரு பஞ்சர்கூட வரவில்லை. வீட்டுக்காரர் காலி பெஞ்சைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஊருக்கு நல்லது பண்ட்ட, சரி. நான் வாங்கியாந்த ரப்பர இன்னா பண்றது, தோசையா சுடறது?"

ரப்பர் வீணாகவில்லை. அந்தப் பாதி ரோடு ஒரு மழைக்குத்தான் தாங்கியது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பள்ளம், வாத்துகளும் திரும்பி வந்துவிட்டன, வெளியே பெஞ்சில் ஐந்து ஓட்டை டியூபின் சொந்தக்காரர் பெருமாள் அண்ணன் உட்கார்ந்து இந்த மாச டீசல் விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி ஓட்டுகிற அண்ணன்மார்களே, அவர்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற என் போன்ற பெண்களே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: நல்ல ரோடு வேண்டும் என்று நீங்கள் கும்பிடும்போது நானும் மனசாரக் கும்பிடுகிறேன், ஆனால் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சாமியிடம் தனியாகக் கேட்பது, எங்கள் கடை வாசலில் மட்டும் ஒரே ஒரு சின்னப் பள்... இதோ வந்துட்டேண்ணா, பெருமாள் அண்ணன் கூப்பிடுகிறார், கிண்ணம் அணைந்து எவ்வளவு நேரம் ஆகிவிட்டதோ, செல்வி வேறு அந்த டப்பா மூடியைத் திற...