பதினேழாம் விதியும் வசிலின் பெயரும்

ஆர்ன்விக் நகரசபையில் இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்தவள் ஆர்டித். நாய் வளர்ப்பதிலிருந்து குப்பை வாளியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதுவரை, ஊரில் எந்த விதியை எடுத்தாலும் அவள் எழுதியதாகத்தான் இருக்கும். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெருமையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

பதினேழாம் விதி பிறந்தது ஹால்வரால். ஊர்ப் பெரிய மனிதர். அவர் உயிரோடு இருக்கும்போதே ஊர் மண்டபத்துக்குத் தடபுடலாக அவர் பெயரை வைத்தார்கள். இரண்டே வருடத்தில், கூட்டுறவு விதைக்கிடங்கில் அவர் கைவைத்த கதை வெளியே வந்தது. ஒரே நாளில் ஏணி போட்டு எழுத்துகளைப் பிடுங்கினார்கள். எழுத்து போனதே தவிர செங்கல்லில் அதன் தடம் போகவில்லை. மழையில் சுவர் நனைந்தால் இன்றைக்கும் அவர் பெயரைப் பளிச்சென்று படிக்கலாம். இனி இந்த வம்பே வேண்டாம் என்று ஆர்டித் உட்கார்ந்து எழுதினாள்: பொதுக் கட்டடத்துக்கு ஒருவர் பெயரை வைக்க வேண்டுமானால், அவர் இறந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். செத்தவன் திருட மாட்டான் என்பது அவள் கணக்கு. சபையில் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டபோது அவள் வசிலை நினைக்கவில்லை.

வசில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன். முப்பத்துநாலு குளிர்காலம், ஒரு காசு வாங்காமல், ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் தரையில் ஐஸ் போட்டவன். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லிசாகத் தண்ணீர் விட்டு, அது உறைந்ததும் அடுத்த பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று இருபது தடவை நடப்பான். அந்த ஊரில் சறுக்கப் பழகிய அத்தனை பேரும் அவன் போட்ட ஐஸில் விழுந்து எழுந்தவர்கள்தான். போன செப்டம்பரில் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். பனி உருகும்வரை தாங்க மாட்டான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"அரங்கத்துக்கு உன் பேரை வைக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்று ஆர்டித் கேட்டாள்.

"வச்சா திருகாணி வேண்டாம்னு சொல்லு. பசை போட்டு ஒட்டட்டும். பின்னாடி பிடுங்க வசதியா இருக்கும்," என்று வசில் சிரித்தான். பிறகு, "ஒரு தடவை, வண்டியை விட்டு எறங்காமலே பாத்துட்டு வந்துட்டாக்கூடப் போதும், ஆர்டித்," என்றான். முப்பத்துநாலு வருடத்தில் அவன் ஊரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாளே சபை அலுவலகத்துக்குப் போனாள். அவளுடைய பழைய நாற்காலியில் இப்போது ஷெல்பி என்கிற இளம்பெண் இருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க, ஆர்டித். விண்ணப்பத்தோட இறப்புச் சான்றிதழ் வைக்கணும்."

"ஆளு இன்னும் சாகலையேம்மா."

"அதான் சிக்கலே."

"எந்தப் புண்ணியவதி இப்படி ஒரு படிவம் போட்டா?"

ஷெல்பி படிவத்தைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினாள். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

ஆர்டித் விடவில்லை. விதியைத் திருத்த அவளே ஒரு வரி எழுதினாள்: 'உயிரோடு இருப்பவராயின், சபை ஓட்டெடுத்துப் பெயர் வைக்கலாம்.' பழைய விதியில் கைவைத்தால் சபை மிரளும் என்று மீதியைத் தொடாமல் விட்டாள். ஜனவரிக் கூட்டத்தில் பேசவும் செய்தாள். ஐந்து நிமிடத்தில் மணி அடித்து உட்காரச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் என்று எழுதி வைத்தவளும் அவள்தான்.

எந்தத் திருத்தத்தையும் மூன்று முறை வாசித்து ஓட்டெடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் இரண்டு வாசிப்புக்கு மேல் கூடாது; ஒரே நாளில் மூன்றையும் முடிக்க வேண்டுமானால் சபையின் ஏழு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு கை எழுந்தது. ஹால்வரின் மகன் லைல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கைதானே, லைல். தூக்கினா கொறஞ்சா போயிடுவ?" என்றாள் ஆர்டித்.

"எங்கப்பா பேரைப் பிடுங்க ஒரு நாள் போதுமா இருந்துச்சு. வைக்க ஒரு மாசம் ஆகட்டுமே. அடுத்த கூட்டத்துல நானும் ஓட்டுப் போடறேன்."

"அவனுக்கு மாசக்கணக்கு இல்ல. நாள்கணக்கு."

"விதி நீங்க எழுதினதுதானே."

சிறப்புக் கூட்டம் போடுங்கள் என்று ஆர்டித் கெஞ்சிப் பார்த்தாள். மேயர் மறுநாளே வெயில் தேடி அரிசோனா போய்விட்டார். துணை மேயரோ அவரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். தினமும் சூப் கொண்டுபோகும்போது, "இன்னிக்கு எந்த விதி குறுக்க வந்துச்சு?" என்று வசில் கேட்பான். ஒரு நாள் அதையும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தான்.

பிப்ரவரிக் கூட்டத்தில் மூன்றாம் வாசிப்பு. மேயர் அரிசோனாவிலிருந்து போனில் சேர்ந்துகொண்டார். முதலில் எழுந்தது லைலின் கை. திருத்தம் நிறைவேறியது.

"சரி, இப்பவாவது வசில் பேரை வைங்க," என்றாள் ஆர்டித்.

ஷெல்பிக்குத் தலை நிமிரவில்லை. "உயிரோட இருக்கறவங்களுக்கு இன்னிலேர்ந்து வைக்கலாம். இறந்தவங்களுக்குப் பழைய விதியை நீங்க தொடலையே, ஆர்டித். அஞ்சு வருஷம் ஆகணும்."

"அப்ப அதையும் திருத்துங்க."

"மறுபடி மூணு வாசிப்பு வைக்கணும். ஏப்ரல்ல நான் வந்ததும் பாக்கலாமே," என்றார் மேயர் போனில். "இப்ப என்ன அவசரம்? அவர்தான் போயிட்டாரே."

லைல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டித் ஷெல்பியிடம் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே அரங்கத்துக்கு ஓட்டிப்போய், வண்டியை விட்டு இறங்காமலே வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு படிவத்தை மடியில் விரித்தாள். இறந்த தேதி என்ன என்பதுதான் அதில் முதல் கேள்வி. அப்படி வைத்தவளும் அவள்தான். பேனாவை எடுத்து எழுதினாள்.